கிளி மீட்பு மையத்தில் தன்னார்வலராகப் போக ஆசை: குவாத்தமாலாவா, கோஸ்டா ரிக்காவா? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்

இளவேனில்_கோவை எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும். இரண்டு வாரமாக மனதுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருப்பதை மொத்தமாக இங்கே இறக்கி வைக்கிறேன்.

எனக்கு 26 வயது. ஐந்து வருடமாகப் பார்த்த மென்பொருள் வேலையை ஜனவரியில் விட்டாயிற்று. புது இடத்தில் ஜூலை கடைசியில் வந்து சேர்ந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். நடுவில் கிடைத்திருக்கும் மாதங்களில் ஒன்றரை இரண்டு மாதமாவது ஒரு கிளி மீட்பு மையத்தில் வேலை செய்ய வேண்டும். சுற்றுலா மாதிரி இல்லை, உண்மையாகவே வேலை. மத்திய அமெரிக்காவில் மக்காவ் (நீண்ட வாலுள்ள பெரிய கிளி), அமேசான் (பச்சைக் கிளி வகை) கிளிகளைக் கடத்தல்காரர்களிடமிருந்து பறிமுதல் செய்து, தேற்றி, மறுபடி காட்டில் விடுகிறார்கள் என்று படித்ததிலிருந்து வேறு எதிலும் மனம் போகவில்லை.

ஏன் கிளி என்று வீட்டில் கேட்கிறார்கள். பாட்டி வீட்டில் ஒரு பச்சைக்கிளி கூண்டில் இருந்தது, ஒன்பது வருடம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதற்குப் பழுத்த மிளகாயும் கொய்யாத் துண்டும் வைப்பது என் வேலை. இறக்கை வளர வளர மாமா கத்தரிக்கோல் எடுத்து வெட்டிவிடுவார், நான்தான் அதைப் பிடித்துக்கொள்வேன். நம் ஊர்க் கிளியை வீட்டில் வைத்திருப்பதே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்று கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்தக் கிளி பறந்து நான் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு இடம் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று கோஸ்டா ரிக்காவில், ஏஜென்சி வழியாக. மூன்று நாள் முதல் எத்தனை நாள் வேண்டுமானாலும் வரலாம், இரண்டு வாரத்துக்கு 1,700 டாலர், பக்கத்துக்குப் பக்கம் தோளில் மக்காவ் உட்கார்ந்திருக்கும் படங்கள், குஞ்சுக்குக் கையால் ஊட்டலாம் என்றும் போட்டிருக்கிறார்கள். இன்னொன்று குவாத்தமாலாவில், மையமே நேரடியாக நடத்துவது. குறைந்தது நாலு வாரம் இருக்க வேண்டும், தீனி வெட்டுவதும் கூண்டு கழுவுவதும்தான் வேலை, பறவையைத் தொடும் வாய்ப்பு வராமலே போகலாம், கூண்டுப் பக்கம் போன் கொண்டுபோகக் கூடாது. தங்குமிடம் சாப்பாடு சேர்த்து வாரத்துக்கு 200 டாலருக்குக் கொஞ்சம் மேலே. உண்மையைச் சொன்னால் மனது முதல் இடத்துக்குத்தான் போகிறது, கிளியோடு இருக்கத்தானே போகிறேன்? ஆனால் இரண்டாவதில் ஏதோ ஒரு நேர்மை தெரிகிறது.

வேலை செய்ய நாமே பணம் கட்டுவது சரியா? ஸ்பானிஷ் ஒரு சொல் தெரியாது. நான் சைவம், முட்டை சாப்பிடுவேன். அவ்வளவு தூரம் தனியாகவா என்று அம்மா தினமும் கேட்கிறார். போய்வந்தவர்கள் யாராவது இருந்தால் தயங்காமல் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.


ஆற்றங்கரை எழுதியது:

இளவேனில், இரண்டாவது இடம். இதில் யோசிக்க எதுவும் இல்லை.

நான் 2019-இல் மார்ச் தொடங்கி ஏழு வாரம் குவாத்தமாலாவின் வடக்கே பேத்தேன் பகுதியில் ஒரு மீட்பு மையத்தில் இருந்தேன். ஃப்ளோரெஸ் என்று ஏரிக்கு நடுவில் தீவாக ஒரு சின்ன ஊர் இருக்கிறது, அதற்குப் பக்கம். திக்கால் மாயன் கோயில்கள் அங்கிருந்து ஒன்றரை மணி நேரத் தூரம்தான். ஏப்ரலில் வெயில் நம் வேலூர் வெயில், கூடவே காட்டின் புழுக்கம். சட்டை நனைந்தால் காயாது.

காலை ஆறு மணிக்குள் தீனிக் கொட்டகையில் நிற்க வேண்டும். பப்பாளி, வாழைப்பழம், தர்ப்பூசணி, வேகவைத்த மக்காச்சோளம், பீன்ஸ், கிடைக்கிற நாளில் காட்டுப் பழம் என்று மூட்டை மூட்டையாக வந்து இறங்கும், எல்லாவற்றையும் வெட்டி ஒவ்வொரு கூண்டுக்கும் தனி வாளியில் அளந்து போட வேண்டும். சூரியகாந்தி விதையைக் கண்ணிலேயே காட்ட மாட்டார்கள். அதையே தின்று வளர்ந்த கிளிக்குக் கொழுப்பு ஏறிக் கல்லீரல் கெட்டுவிடும். அந்த ஊர் வீடுகளில் கிளிக்குச் சோள ரொட்டியும் காபியில் நனைத்த பன்னும்தான் கொடுப்பார்களாம். அங்கிருந்து வருகிற பறவை பப்பாளித் துண்டைப் பார்த்தால் அது என்னவென்றே தெரியாமல் இரண்டு நாள் விலகி நிற்கும்.

தீனி வைத்ததும் கழுவல். முந்தின நாள் தின்று போட்ட பழமெல்லாம் தரையில் புளித்துக் கிடக்கும், குளவியும் எறும்பும் மொய்க்கும், எச்சம் சிமெண்டில் காய்ந்து ஒட்டியிருக்கும். பிரஷ் போட்டுக் குனிந்து தேய்க்க வேண்டும், கிருமிநாசினி ஊற்ற வேண்டும், அடுத்த கூண்டுக்குப் போகுமுன் செருப்பையும் கையையும் கழுவ வேண்டும். இப்படியே மதியம் வரை. சாப்பிட்ட பிறகு காட்டுக்குள் போய் இலையோடு கிளை வெட்டி வந்து கூண்டுக்குள் கட்டுவோம். அதைக் கடித்துத் துப்பி நார் நாராகக் கிழிப்பதுதான் அவற்றின் அலகுக்கும் மூளைக்கும் வேலை. அது இல்லாவிட்டால் தன் இறகையே பிடுங்கிக்கொள்ளும். நெஞ்சில் ஒரு இறகு இல்லாமல் கோழிக்கடைக் கோழி மாதிரித் தோலோடு உட்கார்ந்திருந்த அமேசான் கிளிகளை அங்கே பார்த்தேன். அது தோல் வியாதி இல்லை. வருடக்கணக்கில் தனியாகக் கூண்டில் கிடந்ததால் வந்த பழக்கம்.

இதில் எங்கே கிளியோடு இருப்பது என்று கேட்பீர்கள். நானும் முதல் வாரம் அப்படித்தான் ஏங்கினேன். விடுதலைக்குத் தயாராகும் கூண்டுகளின் பக்கம் ஒரு சொல்கூடப் பேசக் கூடாது. தீனியைச் சின்னக் கதவு வழியாக உள்ளே தள்ளிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். மனிதக் குரலையும் தீனியையும் சேர்த்து நினைக்கப் பழகிவிட்டால், காட்டில் விட்ட பிறகு முதலில் பார்க்கிற ஆளின் தோளில் போய் உட்காரும், அந்த ஆள் அதை மறுபடி சாக்கில் போடுவான். அங்கே வேலை பார்த்த உள்ளூர்க்காரர் ஒருவர் எனக்குச் சொன்னது இது. பதினைந்து வருடமாக அங்கே இருக்கிறார், கிளிக்கூட்டத்தைப் பார்த்தால் அவர் முகம் தானாகத் திரும்பிக்கொள்ளும். அவருக்கு அதுகள் மேல் இருக்கிற பிரியம் எனக்கு அப்புறம்தான் புரிந்தது.

பெரிய கூண்டில் உட்காரும் கொம்பை இரண்டு கடைசியிலும் மட்டும் வைத்திருப்பார்கள், நடுவில் ஒன்றுமே இருக்காது. ஒரு முனையில் தீனி, மறு முனையில் தண்ணீர். பறந்துதான் ஆக வேண்டும். கூண்டிலேயே வளர்ந்த கிளிக்கு முதலில் நாலு அடி பறந்தால் மூச்சு வாங்கும், கீழே விழும், கம்பியைப் பிடித்து ஏறி நடந்தே போகும். மாதக்கணக்கில் ஆகும் நெஞ்சுச் சதை திரும்ப வளர. அதற்கு முன்னால் நோய் தங்கியிருக்கிறதா என்று தனிக் கூண்டில் வைத்து ரத்தப் பரிசோதனை, அப்புறம் தன் இனத்தோடு கூட்டம் சேர்ப்பது. கூட்டமாகத்தான் விடுவார்கள். ஒற்றைக் கிளி காட்டில் பிழைக்காது. விட்ட பிறகும் கொஞ்ச காலம் மேடையில் தீனி வைத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். மூன்று நாள் வந்து போகிறவருக்கு இதில் என்ன இடம் இருக்கிறது சொல்லுங்கள்.

குஞ்சுக்கு ஊட்டுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைக் காட்டித்தான் அந்த முதல் இடம் ஆள் பிடிக்கிறது. மார்ச்சிலிருந்து மழை தொடங்கும் வரை அங்கே கூடு கொள்ளை அடிக்கிற காலம். சாலைச் சோதனையில் பழப்பெட்டிக்கு அடியில், தலையணை உறைக்குள் என்று பிடித்துக் கொண்டுவருவார்கள். நான் இருந்தபோது ஒரு ராத்திரி வந்த பெட்டியில் பதினொன்று இருந்தன, அதில் மூன்று ஏற்கெனவே செத்திருந்தன. மீதி எட்டுக்கும் கண் திறந்திருந்தது, இறகு இன்னும் குழலுக்குள்ளேயே முள் முள்ளாக நின்றது, தலை உடம்பைவிடப் பெரிது. நாலு வாரத்துக்கு மேல் தங்குகிறவர்களுக்கு மட்டும்தான் அந்த அறைக்குள் அனுமதி, அதுவும் டாக்டர் பக்கத்தில் நின்று ஒரு வாரம் பார்த்த பிறகு.

குஞ்சுக்கு ஊட்டும் கூழின் சூடு 39-இலிருந்து 41 டிகிரிக்குள் இருக்க வேண்டும், தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துத்தான் சிரிஞ்சில் எடுப்போம். சூடு அதற்கு மேல் கூடிப்போனால் கழுத்தடியில் இருக்கும் தீனிப்பை உள்ளே வெந்து, நாலைந்து நாள் கழித்துத் தோலோடு ஓட்டை விழும். ஆறிப்போனால் தின்னாது, தின்றாலும் இறங்காது. குஞ்சின் இடது பக்க வாயோரத்திலிருந்து வலது பக்கம் பார்த்து சிரிஞ்சை வைக்க வேண்டும், ஏனென்றால் உணவுக்குழாய் அதன் வலப்பக்கம். வைத்த உடனே தலையை மேலும் கீழுமாக வேகமாக ஆட்டிக் குடிக்கும், அந்தத் தாளத்தோடு தள்ள வேண்டும். ஆட்டம் நின்றால் கை நின்றுவிட வேண்டும். இல்லையென்றால் கூழ் மூச்சுக்குழாயில் போகும், அவ்வளவுதான், கண் முன்னாலேயே போய்விடும். தீனிப்பை நிறைந்தால் பால் பாக்கெட் மாதிரித் தளதளவென்று தெரியும். அடுத்த வேளைக்கு முன் அது காலியாகியிருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்து நோட்டில் எழுதுவோம். எட்டில் ஆறு தேறின. இதைச் சுற்றுலா வந்தவர் கையில் படம் எடுக்கக் கொடுக்கிற இடம் மீட்பு மையம் இல்லை.

பணம் கட்டுவது பற்றி: அரசு பறிமுதல் செய்து ஒப்படைக்கிற பிராணிகளுக்குத் தீனிச் செலவு, டாக்டர் சம்பளம், மருந்து எல்லாம் பெரும்பாலும் இப்படித்தான் ஓடுகிறது. நான் வாரத்துக்கு 200 டாலர் கட்டினேன், கண் முன்னே அது பப்பாளியாக வந்து இறங்கியது. சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம், கறுப்பு பீன்ஸ், சோள ரொட்டி, முட்டை, சோறு, வறுத்த நேந்திரம். ஊறுகாய் மட்டும் எடுத்துப் போங்கள்.


கோழிப்பண்ணை டாக்டர் எழுதியது:

நான் கால்நடை மருத்துவன், நாமக்கல் பக்கம் கோழிப் பண்ணைகளில் வேலை. மேலே எழுதியவர் சூடு பற்றியும் சிரிஞ்சு பற்றியும் சொன்னது அத்தனையும் சரி. உடம்பு பற்றி மட்டும் நான் சேர்க்கிறேன்.

கிளிகளிடமிருந்து மனிதருக்கு வருகிற முக்கியமான நோய் கிளிக்காய்ச்சல். கிளமிடியா சிட்டசி என்கிற பாக்டீரியா, காய்ந்த எச்சத்தூளை மூச்சில் இழுத்தால் தொற்றும். கூண்டைக் காய்ந்தபடியே பெருக்காதீர்கள், தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டுத் தேயுங்கள், என்-95 முகக்கவசம் போடுங்கள், மையத்தில் கொடுக்காவிட்டாலும் ஒரு பெட்டி கையோடு கொண்டுபோங்கள். திரும்பி வந்த மூன்று நாலு வாரத்துக்குள் காய்ச்சல், தலைவலி, வறட்டு இருமல் வந்தால் டாக்டரிடம் முதல் வார்த்தையாகக் கிளிகளோடு வேலை செய்தேன் என்று சொல்லுங்கள். சொன்னால் டாக்சிசைக்கிளினில் சரியாகிவிடும், சொல்லாவிட்டால் சாதாரண நிமோனியா என்று வேறு மருந்து கொடுத்து நாட்களை ஓட்டிவிடுவார்கள். நான் அப்படி ஒரு கேஸ் பார்த்தேன், கிளி வளர்க்கிற வீட்டுப் பையன், பத்து நாள் வீணாகப் போனது.

ரேபிஸுக்கு முன்கூட்டியே போடும் ஊசியைப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். அந்த மையங்களில் குரங்கும் வேறு பாலூட்டிகளும் இருக்கும், அந்த நாடுகளில் ரத்தம் உறிஞ்சும் வௌவாலும் உண்டு. டெட்டனஸ் கட்டாயம். மக்காவ் அலகு தேங்காய் மாதிரிக் கடினமான கொட்டையையே உடைக்கும், விரல் எம்மாத்திரம். டெங்கு இருக்கிற பகுதி, முழுக்கைச் சட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இதை யாரும் யோசிப்பதில்லை. நோய் அங்கிருந்து நமக்கு வருவது போல நம்மிடமிருந்து அங்கேயும் போகும். கிளம்புவதற்கு முந்தின இரண்டு வாரம் கோழிப் பண்ணை, பறவைக் கடை எதற்குள்ளும் போகாதீர்கள். அந்தச் செருப்பை அங்கே கொண்டுபோகவே வேண்டாம். நாடு நாடாகப் பறவைக் காய்ச்சல் பரவுகிற காலம் இது.


நெடுவழி எழுதியது:

முதல் இடத்தை மாதிரி ஒன்றில் நான் பத்து நாள் இருந்தேன், அதனால் எழுதுகிறேன். நாட்டையும் பெயரையும் விட்டுவிடுகிறேன், ஏஜென்சி வழியாகத்தான் போனேன், கட்டிய பணத்தில் மையத்துக்கு எவ்வளவு போனது என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை.

ஆறு மக்காவ்கள் வாசலிலேயே கொம்பில் உட்கார்ந்திருக்கும். எல்லாவற்றுக்கும் இறக்கை வெட்டப்பட்டிருந்தது. காலை பத்து மணிக்கு வண்டி வண்டியாக ஆட்கள் வருவார்கள், ஒவ்வொருவர் தோளிலும் கையிலும் ஏற்றி இறக்கி மாலை வரைக்கும் படம். அதில் ஒன்று, சிவப்பு மக்காவ், ஆள் கிட்டே வரும்போதெல்லாம் கண்மணியைச் சுருக்கி விரித்துச் சுருக்கி விரித்துக் காட்டும், கழுத்து இறகு சிலிர்க்கும். கிளிக்குக் கொண்டாட்டம் என்று வழிகாட்டி சொன்னார், நாங்களும் கைதட்டினோம். அது பயத்திலும் கோபத்திலும் இருந்திருக்கிறது என்று இப்போது தெரிகிறது. எத்தனை பறவையை இதுவரை காட்டில் விட்டிருக்கிறீர்கள் என்று எட்டாம் நாள் கேட்டேன், பதில் வரவில்லை. அந்தப் பறவையோடு நான் எடுத்துக்கொண்ட படத்தை அழித்துவிட்டேன். இன்றைக்கும் உறுத்துகிறது.

அதனால் இளவேனில், பணம் கட்டுமுன் மெயிலில் இதையெல்லாம் கேளுங்கள். அரசு அனுமதி எண் என்ன, பறவைகள் எங்கிருந்து வருகின்றன, விலைக்கு வாங்குவதுண்டா (கடத்தல்காரனிடம் இரக்கப்பட்டு வாங்கினாலும் அவன் நாளைக்கு இன்னொரு கூட்டை ஏறுவான்), நிரந்தரமாகச் சம்பளத்தில் கால்நடை மருத்துவர் இருக்கிறாரா, போன வருடம் எத்தனை வந்தன, எத்தனை செத்தன, எத்தனை வெளியே போயின. எத்தனை செத்தன என்பதற்கு நேராகப் பதில் சொல்கிற இடத்தை நம்பலாம். கோஸ்டா ரிக்காவில் அரசே 2019-இல் காட்டுப் பிராணியைப் பிடித்துக்கொண்டு செல்ஃபி எடுக்காதீர்கள் என்று பிரசாரம் நடத்தியது, அந்த ஊரில் தோளில் கிளியை ஏற்றுகிற படத்தைப் போட்டு ஆள் கூப்பிட்டால் அதுவே போதும், தள்ளிவிடலாம்.

கையால் வளர்த்த மக்காவ் என்ன ஆகும் என்பதற்குப் பெருவில் நல்ல உதாரணம் இருக்கிறது. தம்போபாத்தா காட்டில் 1989-இல் தொடங்கிய மக்காவ் ஆராய்ச்சியில், கூட்டிலேயே பட்டினி கிடந்து சாக இருந்த குஞ்சுகளை எடுத்துக் கையால் வளர்த்து விட்டார்கள். 'சிக்கோஸ்' என்று பெயர், ஸ்பானிஷில் பையன்கள். அவை பிழைத்தன, காட்டு மக்காவோடு ஜோடி சேர்ந்து குஞ்சும் பொரித்தன, ஆனால் ஆள் பயம் மட்டும் வரவே இல்லை, பல வருடம் கழித்தும் விடுதிச் சாப்பாட்டு மேசையில் இறங்கி ரொட்டியைத் தூக்கின. அங்கே ஆராய்ச்சியாளர்கள் இருந்ததால் சரி. வேறு இடமாக இருந்தால் ஒரே வாரத்தில் கூண்டுக்குள் போயிருக்கும். அப்புறம் வழியை மாற்றிக்கொண்டார்கள். சிவப்பு மக்காவ் மூன்று நாலு முட்டை இட்டாலும் கடைசியில் பொரித்த குஞ்சுக்குப் பெரும்பாலும் தீனி கிடைப்பதில்லை. அந்தக் குஞ்சை எடுத்து, கொஞ்சம் தேற்றி, ஒரே குஞ்சு இருக்கிற வேறொரு ஜோடியின் கூட்டில் வைத்தார்கள், அவை தன் குஞ்சாகவே ஏற்றுக்கொண்டன. மனிதர் கை படுகிற நாள் எத்தனை குறைகிறதோ அத்தனை நல்லது. இதைப் படித்த பிறகுதான் எனக்கு அந்தப் பத்து நாளின் தப்பு முழுசாகப் புரிந்தது.


பயணப்பை_மதுரை எழுதியது:

நான் கிளிக்காரன் இல்லை, அந்தப் பக்கம் சுற்றியவன். வழி மட்டும் சொல்கிறேன்.

அமெரிக்கா வழியாக டிக்கெட் விலை குறைவாகத் தெரியும், எடுத்துவிடாதீர்கள். விமான நிலையத்தை விட்டு வெளியே வராவிட்டாலும் அங்கே நமக்கு விசா வேண்டும், வெறும் விமானம் மாறுவது என்று ஒன்று அந்த நாட்டில் கிடையாது. குவாத்தமாலாவுக்கும் கோஸ்டா ரிக்காவுக்கும் டெல்லியில் தூதரகம் இருக்கிறது, தன்னார்வ வேலைக்கு எந்த விசா என்று முதலில் மையத்திடம் எழுத்தில் வாங்கி, அதைத் தூதரகத்தில் காட்டி உறுதி செய்துகொண்டு, அப்புறம்தான் டிக்கெட். குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வடோர், நிக்கராகுவா நாலுக்கும் சேர்த்து ஒரே கணக்காக 90 நாள் என்று ஒப்பந்தம், இந்த நாலுக்குள் எல்லையைத் தாண்டித் திரும்பி வந்தால் நாள் புதிதாகத் தொடங்காது.

மஞ்சள் காய்ச்சல்: இந்த இரண்டு நாட்டுக்கு மட்டும் போய் வந்தால் பிரச்சினை இல்லை. ஆனால் அப்படியே பெரு, பொலிவியா, பிரேசில் பக்கம் ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம் என்று தோன்றும், அங்கிருந்து ஆறு நாளுக்குள் இந்தியாவில் இறங்கினால் சான்றிதழ் இல்லாதவரைத் தனிமையில் உட்கார வைத்துவிடுவார்கள். கோஸ்டா ரிக்காவும் அந்த நாடுகளிலிருந்து வருகிறவரிடம் கேட்கும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், ஆனால் ஒரு முறை போட்டால் ஆயுள் முழுக்கப் போதும்.

குவாத்தமாலா தலைநகரிலிருந்து ஃப்ளோரெஸுக்கு ராத்திரி பஸ் ஒன்பது பத்து மணி நேரம், விமானம் ஒரு மணி நேரம். அம்மா பயப்படுகிறார் என்றால் விமானத்திலேயே போய்விடுங்கள். அந்த நாட்டுக் காசுக்கும் ஒரு பறவையின் பெயர்தான், கெட்சால்.

ஸ்பானிஷுக்கு இரண்டு மாதம் தினமும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். கிளிக்கு லோரோ. மக்காவை குவாத்தமாலாவில் குவாகமாயா என்பார்கள், கோஸ்டா ரிக்காவில் லாபா. கூட வேலை செய்கிறவர்களுக்கு உங்கள் இலக்கணம் முக்கியமில்லை, முயற்சி செய்கிறீர்களா என்றுதான் பார்ப்பார்கள்.


இளவேனில்_கோவை எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நெடுவழி எழுதியதைப் படித்துவிட்டு அந்த ஏஜென்சி பக்கத்தை மறுபடி திறந்து பார்த்தேன். படங்களில் இறக்கை நுனி எல்லாமே ஒரே நேர்க்கோட்டில் நிற்கிறது, வெட்டியதுதான். மாமா வெட்டும்போது நான் பிடித்துக்கொண்டிருந்த அதே கோடு. முதலில் எப்படிக் கண்ணில் படாமல் போனது என்று தெரியவில்லை.

இரண்டாவது இடத்துக்குக் கேள்விகளை அனுப்பினேன். இன்று காலை பதில் வந்துவிட்டது. போன வருடம் செத்தவை எத்தனை என்பதற்கு எண்ணும் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் என்ன காரணம் என்றும் எழுதியிருக்கிறார்கள். படித்துக் கண் கலங்கிவிட்டது. ஏப்ரல் முதல் வாரத்திலிருந்து ஆறு வாரம் கேட்டிருக்கிறேன். ஊசி பட்டியலை டாக்டர் சொன்னபடி எழுதி வைத்துவிட்டேன். அம்மாவுக்கு இந்தப் பதில்களை எல்லாம் வாசித்துக் காட்டினேன், ஊறுகாய் என்ற இடத்தில் மட்டும் எந்த ஊறுகாய் என்று கேட்டார், அதற்குப் பிறகு தனியாகவா என்று கேட்கவில்லை.

ஆற்றங்கரை அக்கா, ஒன்று கேட்க வேண்டும். திரும்பக் காட்டுக்குப் போகவே முடியாத கிளிகளை என்ன செய்வார்கள்? பாட்டி வீட்டுக் கிளி மாதிரி ஒன்று அங்கே வந்தால்?


ஆற்றங்கரை எழுதியது:

அப்படி ஒன்று இருந்தது, முதலில் எழுத வேண்டாம் என்றுதான் விட்டேன்.

நெற்றியில் சிவப்புப் பட்டை உள்ள அமேசான். ஏதோ ஒரு வீட்டில் இருபது வருடத்துக்கு மேல் இருந்ததாம். சாயங்காலம் நாலு மணி ஆனால் கைக்குழந்தை மாதிரி அழும். அழுகை, விக்கல், அப்புறம் மெதுவாக "மமா, மமா". புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் குழந்தை எங்கே என்று தேடி ஓடுவார்கள், நானும் ஓடினேன். அந்த வீட்டில் ஒரு குழந்தை தினமும் அந்த நேரத்துக்கு அழுதிருக்கிறது, குழந்தை வளர்ந்து ஆளாகியிருக்கும், கிளியிடம் அந்த அழுகை மட்டும் அப்படியே தங்கிவிட்டது. ஒரு இறக்கையின் எலும்பு உடைந்து கோணலாகச் சேர்ந்திருந்ததால் பறக்கவும் முடியாது.

அப்படிப்பட்டவற்றுக்குத் தனியாக ஒரு பெரிய கூண்டு உண்டு, தன் இனத்தோடு சேர்த்து வைத்திருப்பார்கள். பார்வையாளர் கிடையாது. பறக்க முடியாததால் கொம்புகளை ஏணி மாதிரி நெருக்கமாகக் கட்டிக் கொடுத்தோம். அது எங்கள் அணி வேலை, நாலு நாள் பிடித்தது. மேலே ஏறி உச்சியில் உட்கார்ந்த அன்றைக்கு சாயங்காலம் அது அழவில்லை. மறுநாள் அழுதது.

அங்கே அந்த நேரத்தில்தான் காட்டு அமேசான் கிளிகள் ஜோடி ஜோடியாக ஏரிப் பக்கம் போகும், பறந்துகொண்டே கத்தும். நான் கிளம்பும் வரைக்கும் அது அந்தச் சத்தத்துக்கு ஒரு முறைகூடத் திரும்பியதில்லை. போன வருடம் அங்கே போய்வந்த தோழி ஒருத்தி சொன்னாள், பக்கத்தில் எப்போதும் இன்னொரு கிளி ஒட்டி உட்கார்ந்து கழுத்து இறகைக் கோதிவிடுகிறதாம், நாலு மணி அழுகை இன்னும் இருக்கிறதாம், ஆனால் மேலே ஜோடிகள் கத்திக்கொண்டு போகும்போது பாதியில் நிறுத்திவிட்டு அதுவும் தலையைத் தூக்கிக் கிளி மாதிரியே கத்துகிறதாம்.

நீங்கள் போகிற இடமும் அதே பகுதி என்றுதான் நினைக்கிறேன். உச்சிக் கொம்பின் கட்டு தளர்ந்திருக்கும், சணல் கயிறுதான் போட்டோம். போனதும் ஒரு முறை பார்த்து இறுக்கிவிடுங்கள்.